வாழையடியில் நீ கொட்டிய மட்டிக்கறி

மகன்,

நீ வெளிநாட்டு லேப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதற்கு அடையாளமாக வட்சப்பில் ஒரு பெருவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தாய். பெற்று வளர்த்தவளுக்கு ஒரு பெருவிரல். சரி, சந்தோசம். ஆனால் எனக்குச் சொல்லக் கிடப்பது நிறைய. தொலைபேசியில் தொடங்கினால் "அம்மா, லேப்பில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்பாய். வட்சப்பில் எழுதினால் இன்னொரு பெருவிரல் வரும். தபால் கந்தோரில் இருந்து தலை நரைத்தவள் நான், கடிதம் எழுத எனக்குத் தெரியும். இதை உனக்கு மட்டும் அனுப்பவில்லை, கோயில் மாதப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். உன் பேரையும் போடவில்லை, என் பேரையும் போடவில்லை. நம் ஊரில் யாருக்கும் அது தேவைப்படாது. நம் வீட்டுக் கதையை ஊர் ஏன் வாசிக்க வேண்டும் என்று நீ துள்ளுவாய். துள்ளு. முழுவதையும் வாசித்துவிட்டுத் துள்ளு.

நீ விமான நிலையத்துக்குப் புறப்பட்ட அன்று வாடகை வானின் முன் சீற்றில் இருந்தது யார் என்று நினைவிருக்கிறதா? ஆராய்ச்சி மட்டிகள் நிரப்பிய உன் ஐஸ்பெட்டி. அதற்குப் பெல்ட்டும் போட்டாய். முழங்கால் வீங்கிய உன் அப்பா பின்னால் சூட்கேஸ்களுக்கு நடுவில் காலை மடக்கிக்கொண்டு கட்டுநாயக்கா வரைக்கும் வந்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். "விடு, அதுக்குள்ள பொடியன்ட படிப்பு இரிக்கு" என்று என்னைத்தான் அடக்கினார். வாசலுக்குள் போகும்போது நீ திரும்பித் திரும்பிப் பார்த்தது எங்களை என்று நினைத்துக் கையைக் கூட ஆட்டினேன். பின்னால் ஒருவன் தூக்கி வந்த பெட்டி சரிந்திருக்கிறதா என்று பார்த்தாயாம். நீ சொன்ன கடைசி வார்த்தையும் "கவனம், கவனம்" என்பதுதான், அதுவும் பெட்டியைத் தூக்கியவனுக்கு.

வீட்டு ஐஸ்பெட்டியின் கதையைச் சொன்னால் பத்திரிகை முழுக்க நானே நிரப்பிவிடுவேன். நத்தார்ப் பெருநாளுக்கு வாங்கிய இறைச்சியை வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தில் வாவியில் அள்ளிய மட்டிச் சிப்பிகளை அடுக்கினாய். சின்னச் சின்னப் பைகள், ஒவ்வொன்றிலும் இடமும் திகதியும் எழுதிய துண்டு. யாரும் கதவைத் திறக்கக்கூடாது, திறந்தால் உடனே மூட வேண்டும், ஐஸ்கிரீம் என்ற பேச்சே கூடாது. இங்குள்ள பல்கலைக்கழகத்தில் இடமில்லையாம், அதனால் அம்மாவின் குசினிக்கு வந்துவிட்டது விஞ்ஞானம். நம் ஊரில் கறண்ட் போவது புதினமா? கறண்ட் போனால் நீ ஓடி ஓடி அழைப்பு எடுப்பாய். எனக்குப் பெருமையாக இருக்கும், பிள்ளை எங்களை நினைக்கிறான் என்று. "அம்மா, பெட்டியத் திறந்திங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். உன் அப்பாவுக்குச் சீனி கூடிப் படுத்த அன்றும் அதே கேள்விதான். பரவாயில்லை, இதையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன். நான் மன்னிக்காதது வேறொன்று.

உன் படிப்பு எனக்கு விளங்காது என்று நீ நினைக்கிறாய். குசினி வாங்குப் பலகையில் இருந்துகொண்டு நீயே சொல்லித் தந்ததுதான். மட்டி ஓடித் தப்பாது. இருந்த இடத்திலேயே இருந்து, வருகிற தண்ணீரையெல்லாம் உள்ளே இழுத்து வடித்து விடும். தண்ணீரில் ஈயம் மாதிரிக் கெட்ட உலோகங்கள் வந்தால், அவற்றைப் பிடித்துக் கட்டிவைக்க அதன் உடம்பு ஒரு புரதத்தைக் கூடுதலாகச் செய்யும். அந்தப் புரதத்தை அளந்தால் மட்டி என்ன குடித்தது என்று தெரியும். தண்ணீரை அள்ளிச் சோதித்தால் இன்றைக்கு இருப்பது மட்டும்தான் தெரியும், மட்டியோ கன நாளாக நடந்ததை உடம்பில் வைத்திருக்கும். இவ்வளவும் எனக்கு விளங்கியது. அழகாகவும் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது.

பிறகு நீ பருவத்தைக் கொண்டுவந்து நுழைத்தாய். மாரியில் கிரான், கரடியனாறுப் பக்கத்து வயல் வட்டைகளின் வெள்ளமெல்லாம் வாவிக்குள் இறங்கும், உப்புத் தண்ணீர் நன்னீராகும், மட்டிக்கு அந்தரம் வரும், அப்போதும் அதன் புரதங்கள் ஏறி இறங்கும். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் தண்ணீர் சுடும், அப்போதும் அப்படி. முட்டை விடும் பருவத்திலும் அப்படி. ஆகவே கூடியிருப்பது அழுக்காலா, பருவத்தாலா என்று ஒரு முறை பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் நம் ஊர் வாய்க்கால் வாவியில் வந்து விழுகிற வாயிலும், கடலோடு சேருகிற முகத்துவாரத்துப் பக்கத்திலும் பருவத்துக்குப் பருவம் மட்டி எடுத்தாய். "ரெண்டு இடத்திலயும் ஒரே மழைதானே மனே பெய்யுது, வாய்க்கால் வாயில மட்டும் கூடினா அது அழுக்குத்தானே?" என்று நான் கேட்டேன். "வாய்க்கால் வாயில நன்னீரும் கூடத்தான் அம்மா வரும், அதையும் கழிச்சுப் பாக்க வேணும்" என்றாய். நியாயமான பதில். உன்னிடம் நியாயமான பதில் இல்லாத நாளே இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

போன வருசத்துத் தபசுகாலத்தை, அந்த நாற்பது நாள் நோன்பை, எடுத்துக்கொள். வெள்ளிக்கிழமை, சுத்தபோசனம். இறைச்சி இல்லாத நாட்களில் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் மீன் அல்லது மட்டி. மாரி முடிந்து வாவி தெளிகிற காலமும் அதுதான் என்பதால், பக்கத்து வளவுப் பிலோமினாவும் மற்றப் பெண்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்று மட்டி அள்ளுவதும் அப்போதுதான் கூட. அவளிடம் வாங்கி, தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தேன். நீ சோற்றைப் போட்டுக் கையையும் வைத்துவிட்டாய். பிறகு கை நின்றது.

"எங்க எடுத்த மட்டி அம்மா?"

"பிலோவிட்ட வாங்கின. வாய்க்கால் வாய்ப் பக்கம் எடுத்தவளாம்."

நீ எழும்பினாய். அப்பாவின் சோற்றுக் கோப்பையை அவர் வாயிலிருந்து பறிக்காத குறையாக எடுத்தாய். சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாழையடியில் கவிழ்த்துவிட்டு வந்தாய். உன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை, டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோதும் இல்லை. "இனி வாங்காதீங்க அம்மா. வாய்க்கால் வாய் மட்டி வேணாம்." ஏன் என்று கேட்டேன். பார்த்தவரைக்கும் அங்கே எடுத்த மட்டியில் அந்தப் புரதம் கூடத்தான் என்றாய். "அப்ப பிலோவுக்குச் சொல்லு!" என்றேன். அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. "இப்ப ஆருக்கும் சொல்லாதீங்க அம்மா. இன்னும் நிச்சயமில்ல. இன்னொரு மாரி, இன்னொரு கோடை பாக்க வேணும். இப்ப வெளிய போனா இந்தச் சனம் ஒண்டையும் விக்க ஏலாது."

நிச்சயமில்லாத ஒன்றுக்கு அப்பாவின் கோப்பையை ஏனடா பறித்தாய்? அதைத்தான் ஒரு வருசமாக யோசிக்கிறேன். உன் தாய் தகப்பனைக் காப்பாற்ற உனக்கு இருந்த நிச்சயம் போதும். பக்கத்து வளவுக்குச் சொல்லத்தான் இன்னொரு மாரி தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது, நீ கேட்கவும் இல்லை. பிலோமினா படலையில் வந்து "அக்கா, மட்டி!" என்று கூப்பிடுவாள். முதலில் எனக்குக் கொழுப்புக் கூடிப்போச்சு, டொக்டர் வேண்டாமென்றார் என்றேன். "அப்ப ஐயாவுக்கு எடுங்க" என்றாள். ஐயாவுக்குக் கடி என்றேன். பாவம் அந்த மனிசன், மறுநாள் அவளைக் கண்டதும் முதுகைச் சொறிந்து காட்டினாராம். கடைசியில் வேறு வழியில்லாமல், தபசுகாலத்துக்கு மட்டியை ஒறுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் இறைச்சியை விட்டுவிட்டு மட்டி தின்கிற காலத்தில் நான் மட்டியையும் விட்டவளாகிவிட்டேன்! பிலோமினா கையைக் கும்பிட்டாள். "நீங்கதான் அக்கா உண்மையாத் தபசு பண்றீங்க" என்று மாதா சபையில் போய்ச் சொல்லியும் விட்டாள். அதைக் கேட்டு இன்னும் ரெண்டு பேர் மட்டியை விட்டார்கள். என் பொய்யால் அவர்களாவது தப்பினார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பார், எனக்கு வந்த ஆறுதலை.

உயிர்த்த ஞாயிறு முடிந்தது, தபசும் முடிந்தது. மறுநாள் பிலோமினா ஒரு சருவச்சட்டி நிறைய மட்டி கொண்டுவந்து வைத்தாள். காசு வாங்கவில்லை. "ஆசைய அடக்கி இருந்தீங்களே, நல்ல பெரிசாப் பாத்துத் தெரிஞ்செடுத்த" என்றாள். என் மாதாவே, நான் என்ன செய்ய? வாங்கினேன். அவள் போனதும் கிணற்றுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன். நம் வீட்டு நாயை உனக்குத் தெரியும், சும்மா கிடக்குமா? தோண்டி எடுத்து, அவள் வேலியோரம் கொண்டுபோய்ப் பரப்பி வைத்திருக்கிறது. அவள் ஒன்றைக் குனிந்து எடுத்துப் பார்த்தாள். அவித்த மட்டி வாய் திறந்திருக்கும். இவை ஒன்றும் திறக்கவில்லை. சமைக்கவே இல்லை என்பது பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். அவளோ, "பழுதாப் போச்சா அக்கா? ஐயோ, சொல்லியிருந்தா வேற தந்திருப்பனே. மன்னிச்சுக்கொள்ளுங்க" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அதை உனக்கு அன்றைக்கே அழைப்பெடுத்துச் சொன்னேன். நீ சிரித்தாய். "நல்ல நாய்" என்றாய்.

நீ இப்படித்தான், சின்னதிலிருந்து. நான் இஸ்திரிக்கைப் பெட்டியைச் சேலை மேல் மறந்து வைத்துவிட்டுப் போன நாளை மறந்திருக்க மாட்டாய். கருகின மணத்துக்கு ஓடி வந்தால், நீ பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாய். "என்ன மனே செய்றாய்?" என்று கத்தினேன். "அம்மா, இது புகையா ஆவியா எண்டு பாக்கிறன்" என்றாய். கந்தோருக்குக் கட்டுகிற சேலை, நடுவில் ஓட்டை. அன்றைக்கு உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தேன், என் பிள்ளை விஞ்ஞானி ஆவான் என்று. ஆகிவிட்டாய். இன்னும் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

உன் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாதது இல்லை. நீ இன்றைக்கு ஒன்றைச் சொல்லி, நாளைக்கு அது பருவத்தால் வந்தது என்று தெரிந்தால், இந்தப் பெண்களின் பிழைப்பில் மண் விழுந்தது விழுந்ததுதான். வாய்க்கால் வாயில் எடுக்காத மட்டியையும் யாரும் வாங்க மாட்டார்கள். அதெல்லாம் உண்மை. ஆனால் நிச்சயம் என்று சொல்லச் சொல்லி உன்னை யார் கேட்டது? "எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது, ஆனால் அந்த இடம் எனக்குப் பயமாக இருக்கிறது, முடிவு தெரியும் வரைக்கும் வேறு பக்கம் போய் எடுங்கள்" என்று சொல்ல எத்தனை மாரி வேண்டும்? தெரியாது என்பதையும் சொல்லலாம், மகன். அந்தப் பெண்கள் அதைத் தாங்குவார்கள். உனக்கு அவர்கள் மேல் இரக்கம் இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்கு எது விளங்கும், எது தாங்கும் என்று நீயே முடிவெடுத்துவிட்டாய். அந்த அதிகாரத்தை உனக்கு யார் தந்தது?

இப்போது நடந்ததைக் கேள். நீ போன அடுத்த வெள்ளிக்கிழமை. திரும்பவும் தபசுகாலம். பிலோமினாவின் மகளை உனக்குத் தெரியும், தாய் வளவிலேயே வீடு கட்டிக் கொடுத்து வைத்திருக்கிறாள். கலியாணம் முடித்துக் கன காலத்துக்குப் பிறகு இப்போதுதான் முழுகாமல் இருக்கிறாள். பிலோமினா வேலிக்கு வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் கறிவேப்பிலை ஆய்ஞ்சு தாங்க. மகள் மட்டிச் சொதி கேக்காள். வேற ஒண்டும் வயித்தில நிக்குதில்லயாம், இது ஒண்டத்தான் ஆசையாத் திங்காள். ஒவ்வொரு நாளும் ஆக்கிக் குடுக்கன்."

கறிவேப்பிலைக் கொப்பு என் கையில் இருந்தது. என் வாயிலிருந்து உன் கேள்வி வந்தது.

"எங்க எடுத்த மட்டி பிலோ?"

"எங்க எடுக்கிற? வாய்க்கால் வாயிலதான்."

"அதக் குடுக்காத."

"ஏனக்கா, அவளுக்கும் தபசா?" என்று சிரித்தாள்.

எனக்கு அதற்கு மேல் ஏலவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொன்ன புரதம், பருவம், நீ இல்லாத மாசத்துக்கும் வேண்டிய மட்டி, வாழையடியில் கொட்டிய கறி, எல்லாம். அவள் கறிவேப்பிலையை வாங்கவும் இல்லை, போகவும் இல்லை.

"அவிச்சாப் போகாதா?"

"உலோகம் அவிச்சாப் போகாதாம்."

"எப்ப இருந்து தெரியும்?"

"போன தபசுகாலத்தில இருந்து."

"அப்ப நாய் தோண்டின அண்டைக்கும் தெரியும்."

"ஓம்."

"நான் உங்களிட்ட மன்னிப்புக் கேட்டன் அக்கா."

அதற்கு நான் என்ன பதில் சொல்ல? உன்னிடம் நியாயமான பதில் ஏதும் இருந்தால் எழுதி அனுப்பு. நான், நீங்கள் விற்க முடியாமல் போய்விடும் என்றுதான் மகன் யோசித்தவன் என்று இழுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை! "நல்லம். நாங்க என்னத்த விக்கிற எண்டு உங்கட மகன் யோசிச்சார். என்ட மகள் என்னத்தத் திங்காள் எண்டு ஆர் யோசிச்ச?" என்றாள். பிறகு வீட்டுக்குள் போனாள். அடுப்பிலிருந்த சட்டியை அவளும் கொண்டுபோய்க் கவிழ்த்த சத்தம் எனக்குக் கேட்டது. மகள் "ஏனம்மா, ஏனம்மா" என்று அழுததும் கேட்டது.

மறுநாள் மகளை ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனோம், நானும்தான் போனேன். பிலோமினா வழியில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. டொக்டர் பிள்ளை நல்லவள், பொறுமையாகக் கேட்டாள். எந்த உலோகம், எவ்வளவு இருந்தது, எந்த மாதத்து மட்டியில் என்று கேட்டாள். அது தெரிந்தவன் நீ ஒருவன்தான். நீ கடலுக்கு அப்பால் இருக்கிறாய். இரத்தம் எடுத்திருக்கிறார்கள். இப்போதைக்குப் பயப்பட ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அந்த விபரம் கிடைத்தால் நல்லது என்றாள். அன்று பின்னேரம் உனக்கு அழைப்பெடுத்தேன். "லேப்பில நிக்கிறன்" என்றாய்.

நேற்றுக் காலையில் பிலோமினா திரும்பவும் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். பாவாடைக் கரை நனைந்திருந்தது. கையில் இரண்டு பைகள், இரண்டும் கட்டியிருந்தன. குசினி வாங்கில் நீ இருக்கிற இடத்தில் வைத்தாள்.

"இது வாய்க்கால் வாய். இது முகத்துவாரப் பக்கம், தோணி கேட்டுப் போய் எடுத்த. ரெண்டும் இண்டைக்கு எடுத்ததுதான். மகன்ட ஐஸ்பெட்டில வைங்க. அவர் இல்லாத மாசத்துக்கும் மட்டி வேணும் எண்டு சொன்னீங்களே. இனி மாசா மாசம் நான் எடுத்துத் தாறன். ஆனா ஒண்டு அக்கா. முடிவு வந்தா முதல்ல எனக்குச் சொல்லச் சொல்லுங்க. மறுகா வெள்ளக்காரனுக்குச் சொல்லட்டும்."

ஐஸ்பெட்டியில் வைத்திருக்கிறேன். நீ எழுதுகிற மாதிரியே இடமும் திகதியும் எழுதி ஒட்டியிருக்கிறேன், கதவையும் உடனே மூடினேன். டொக்டர் கேட்ட விபரம் இன்னும் கிடக்கிறது. பிலோமினாவின் இலக்கம் உன்னிடம் இருக்கிறது. அவளுக்கும் பெருவிரலைக் காட்டாதே. வாயைத் திறந்து பேசு.

அம்மா